பெட்டி கேஸும் பிடிவாரண்டும்

செயின்ட் லூயிஸ், மிசௌரி
18-8-2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் நலம். அம்மாவின் முழங்கால் வலிக்குப் புது மருந்து கேட்கிறதா என்று எழுதுங்கள். போன ஞாயிறு நாம் போனில் பேசியது பாதியிலேயே நின்றுவிட்டது. நீங்கள் போனை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டுத் திண்ணைக்குப் போய்விட்டதாக அவள் சொன்னாள். நாம் இருவரும் போனில் வாதம் செய்தால் சண்டையில்தான் முடியும். எழுதினால் குறுக்கே பேச முடியாது பாருங்கள், அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் அனுப்பிய வீடியோவை நானும் பார்த்தேன். ஃபெர்குசன் என் வீட்டிலிருந்து காரில் இருபது நிமிடம். பத்து வருடத்துக்கு முன் அங்கே ஒரு கறுப்பினப் பையனைப் போலீஸ் சுட்டுக் கொன்ற நாளின் நினைவாக, இந்த மாதம் ஒன்பதாம் தேதி காவல் நிலையத்துக்கு முன்னால் நடந்த போராட்டத்தில் ஒரு போலீஸ் அதிகாரி கீழே தள்ளப்பட்டு, தலையில் பலத்த காயத்தோடு ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். "மண்டையை உடைத்தவர்களுக்கு நீ வக்காலத்து வாங்குகிறாய்" என்றீர்கள். இல்லை அப்பா. அவரைத் தள்ளியவனுக்காக நான் ஒரு வார்த்தையும் பேச மாட்டேன். அந்த அதிகாரியும் கறுப்பினத்தவர்தான். வீடியோவை உங்களுக்கு அனுப்பியவர் அதைச் சொல்லியிருக்க மாட்டார். பத்து வருடத்துக்கு முன் அந்த ஊரின் ஐம்பத்துச் சொச்சம் போலீஸாரில் கறுப்பினத்தவர் நான்கு பேர்தான். இன்று பாதிக்கு மேல் அவர்கள். தலைமை அதிகாரியும் கறுப்பினத்தவரே.

"சொன்னபடி நின்றால் எவன் சுடப்போகிறான்?" என்று கேட்டீர்களே, அந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கடிதம்.

முதலில் நான் மறைத்துவைத்திருந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போன பிப்ரவரியில் இரவு வேலை முடிந்து வரும்போது ஒரு போலீஸ் வண்டி விளக்கைச் சுழற்றிக்கொண்டு என் பின்னால் வந்தது. நம் ஊர் வழக்கப்படி காரை ஓரங்கட்டினேன், கதவைத் திறந்து இறங்கினேன், லைசென்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு மரியாதையாக அவரை நோக்கி நடந்தேன். ஒரு போலீஸ்காரர் மகனுக்கு வேறென்ன தெரியும்? "வண்டிக்குள் போ" என்று அவர் போட்ட சத்தத்தில் எனக்குக் கால் வழுக்கியது. அவர் வலது கை இடுப்புக்குப் போயிருந்தது. நான் உள்ளே போய் உட்கார்ந்தேன். பிறகு டார்ச் அடித்துப் பார்த்தார், கழுத்தில் தொங்கிய ஆஸ்பத்திரி அட்டையைப் பார்த்தார், குரல் இறங்கிவிட்டது. "பிரேக் விளக்கு ஒன்று எரியவில்லை, மாற்றிவிடுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

மறுநாள் சாப்பாட்டு அறையில் இதை வேடிக்கையாகச் சொன்னேன். எங்கள் மேஜையில் தினமும் மூன்று பேர். ஆஸ்பத்திரிக் காவலர் ஒருவர். வெள்ளைக்காரர், இருபத்தைந்து வருடம் போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவர், உங்களைப் போலவே இரண்டு கையையும் தொடையில் ஊன்றித்தான் உட்காருவார். இன்னொருவர் எங்கள் லேபில் ரத்தம் எடுக்கும் அம்மையார். கறுப்பினத்தவர், வயது அறுபது. மூன்றாவது நான். காவலர் வயிறு குலுங்கச் சிரித்தார். அம்மையார் சிரிக்கவில்லை. "அபராதம் எவ்வளவு?" என்று கேட்டார். "ஒன்றுமில்லை, சும்மா விட்டுவிட்டார்" என்றேன். அவர் டிபன் டப்பாவை மூடி வைத்துவிட்டார்.

2011-இல் அவருக்கும் இதே பிரேக் விளக்குத்தான். இந்த நகரைச் சுற்றியுள்ள மாவட்டத்தில் ஏறக்குறைய தொண்ணூறு குட்டி நகராட்சிகள் இருக்கின்றன. சிலவற்றின் மக்கள்தொகை நம் தெருவை விடக் குறைவு. ஆனால் பெரும்பாலானவற்றுக்குத் தனி நீதிமன்றம், பலவற்றுக்குத் தனிப் போலீஸ். பஸ் போகும் ஒரே சாலையில் பத்து நிமிடத்தில் நான்கைந்து எல்லைகளைத் தாண்டிவிடலாம். அப்படி ஒன்றில் அவருக்கு அபராதம் எழுதினார்கள். கோர்ட் சாயங்காலத்தில் நடக்கும். வாய்தா அன்று இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். பிள்ளைகளை உள்ளே விட மாட்டோம் என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். திரும்பி வந்துவிட்டார். ஆஜராகவில்லை என்று பிடிவாரண்டு. அடுத்த மாதம் பக்கத்து நகராட்சியில் வண்டியை நிறுத்தியபோது கையில் விலங்கு. மூன்று நாள் உள்ளே. முதியோர் இல்லத்தில் பார்த்துவந்த வேலை போயிற்று. வேலை போனதால் அபராதம் கட்ட முடியவில்லை. மறுபடியும் வாரண்டு.

இது ஒருவரின் துரதிர்ஷ்டம் என்று நீங்கள் சொல்லலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். அம்மையார்தான் அமெரிக்க மத்திய அரசின் நீதித் துறை வெளியிட்ட அறிக்கையைப் படிக்கச் சொன்னார். மைக்கேல் பிரௌன் என்ற பதினெட்டு வயதுப் பையனை 2014 ஆகஸ்ட் 9 அன்று ஃபெர்குசனில் ஒரு போலீஸ் அதிகாரி சுட்டுக் கொன்ற பிறகு எழுதப்பட்டது அது. 2015 மார்ச் 4 அன்று ஒரே நாளில் இரண்டு அறிக்கைகள் வந்தன. ஒன்று துப்பாக்கிச் சூட்டைப் பற்றியது. பையன் கையைத் தூக்கிச் சரணடைந்தபோது சுட்டார் என்ற சாட்சிகள் தடயங்களோடு பொருந்தவில்லை, அந்த அதிகாரி மீது வழக்குப் போட இடமில்லை என்று அது சொல்கிறது. எங்கள் காவலருக்கு அந்த அறிக்கை மனப்பாடம். இன்னொன்று அந்த ஊர்ப் போலீஸையும் கோர்ட்டையும் பற்றியது. அது அம்மையாருக்கு மனப்பாடம். இரண்டையும் படித்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. இரண்டையும் எழுதியது ஒரே துறை. ஒன்றை நம்புகிறவர் மற்றதையும் நம்பத்தான் வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இரண்டாவது அறிக்கையை உங்களுக்குத்தான் படித்துக் காட்ட வேண்டும் அப்பா, ஏனென்றால் அதில் உங்கள் பழைய ஸ்டேஷன் வாடை வருகிறது. மாதக் கடைசியில் ரைட்டர் நோட்டைப் புரட்டி, "பெட்டி கேஸ் இன்னும் எட்டு குறைகிறதே" என்பார் என்று சொல்வீர்களே, அந்தச் சில்லறைக் குற்ற வழக்குகளைத்தான் சொல்கிறேன். விளக்கில்லாத சைக்கிளையும் டபுள்ஸ் வந்தவனையும் தேடி இரவில் கிளம்புவீர்கள். "பிடித்த எட்டுப் பேரில் ஒருவனாவது முதலாளி மகனா பார்" என்று அம்மாவிடம் நீங்கள் சலித்துக்கொண்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இங்கே ரைட்டருக்குப் பதில் நகராட்சியின் நிதி அதிகாரி. ஆண்டு முடிவதற்குள் டிக்கெட், அதாவது அபராதச் சீட்டு, எழுதுவது அதிகமாகாவிட்டால் அடுத்த ஆண்டு வசூலை உயர்த்துவது கடினம் என்று போலீஸ் தலைவருக்கே அவர் எழுதியிருக்கிறார். 2015-ஆம் நிதியாண்டில் எதிர்பார்த்த சுமார் 1.3 கோடி டாலர் வரவில் 30 லட்சத்துக்கு மேல் அபராதமும் கட்டணமும். ஊரில் கறுப்பினத்தவர் 67 சதவீதம். நிறுத்தப்பட்ட வண்டிகளில் 85 சதவீதம் அவர்களுடையவை, டிக்கெட்டில் 90, கைதில் 93. சுமார் 21,000 பேர் வாழும் ஊரின் கோர்ட்டில் 16,000 பேருக்கு மேல் பிடிவாரண்டு நிலுவையில் இருந்தது. அவர்களில் வெளியூர்க்காரர்களும் அடக்கம் என்றாலும் கணக்கைப் பாருங்கள். 2007-இல் ஒரு பெண் வண்டியைத் தவறான இடத்தில் நிறுத்தியதற்கு இரண்டு டிக்கெட், 151 டாலரும் கட்டணங்களும். ஏழு வருடத்தில் 550 டாலர் கட்டி, ஆறு நாள் சிறையிலும் இருந்த பிறகு இன்னும் 541 டாலர் பாக்கி. நம் ஊர்க் கந்துவட்டிக்காரன்கூட இந்தக் கணக்கைப் பார்த்தால் கூச்சப்படுவான்.

இப்போது உங்கள் கேள்விக்கு வாருங்கள். பையில் வாரண்டு இருக்கிறவன் போலீஸைக் கண்டால் எப்படி நிற்பான்?

காவலர் இதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை. அவர் சொல்வதையும் எழுதிவிடுகிறேன், நீங்கள் தலையாட்டுவீர்கள். "கூப்பிடுகிற இடத்துக்குத்தான் போலீஸ் போகும். இந்த நகரில் கொலையாகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்களின் பக்கத்தில் உட்கார்ந்தவன் நான். வீட்டில் அப்பன் இல்லை, அதுதான் வேர்" என்றார். அவர் மனதறிந்து பொய் சொல்லவில்லை. அம்மையாரும் போலீஸே வேண்டாம் என்கிற கட்சி இல்லை. "என் அக்கா மகன் கொலைக்கு வந்து விசாரிக்காத போலீஸ், என் பிரேக் விளக்குக்கு மட்டும் ஓடி வந்தது" என்பதுதான் அவர் வாதம்.

அப்பன் இல்லாத வீடு என்ற பேச்சு வந்த அன்று மேஜை கொஞ்சம் சூடாகிவிட்டது. இருவரின் தகப்பன்மார்களும் இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவில் இருந்தவர்கள். திரும்பி வந்த காவலரின் தந்தைக்கு அரசு உத்தரவாதத்தோடு கடன் கிடைத்தது, புறநகரில் வீடு வாங்கினார். அந்த வீட்டை விற்ற பணத்தில்தான் இவர் படித்தார். அம்மையாரின் தந்தைக்கு அந்தப் புறநகரில் யாரும் வீடு விற்க மாட்டார்கள். கறுப்பினத்தவர் பகுதிகளுக்குக் கடன் உத்தரவாதமும் மறுக்கப்பட்டது. அவர்கள் போய்ச் சேர்ந்தது பிரூயிட்-ஐகோ என்ற அரசுக் குடியிருப்பு. முப்பத்து மூன்று கட்டடங்கள், ஒவ்வொன்றும் பதினொரு மாடி. லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காதாம். ஒன்று, நான்கு, ஏழு, பத்து மட்டும். இவர்கள் ஆறாவது மாடி. தந்தைக்கு வேலை போனபோது அரசு உதவித்தொகை கேட்டார்கள். உழைக்கக்கூடிய ஆண் வீட்டில் இருந்தால் தொகை கிடையாது என்பது அப்போதைய விதி. அவர் வெளியே அறை எடுத்துக்கொண்டார். ராத்திரி வந்து பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, விசாரணைக்கு வருபவர் கண்ணில் படாமல் விடிவதற்குள் போய்விடுவாராம். "எங்கள் வீட்டில் ஏன் அப்பா இல்லை என்றா கேட்கிறீர்கள்?" என்றார். காவலர் அன்று காப்பியைக் குடிக்காமலே எழுந்து போனார். மறுநாள் வழக்கம்போல வந்து உட்கார்ந்தார். 1972-இல் அந்தக் கட்டடங்களை வெடிவைத்துத் தகர்க்கத் தொடங்கி, நான்கு வருடத்தில் ஒன்றும் மிச்சமில்லை.

நம் ஆட்களின் பேச்சு வேறு. இங்கே நண்பர் வீட்டுக் கொலுவில் ஒருவர், "நாமும் நிறம் கம்மிதான், வெறுங்கையோடு வந்து முன்னேறவில்லையா?" என்றார். சுண்டல் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சண்டை போட எனக்குத் தைரியம் வரவில்லை. வெறுங்கையோடு வந்தோமா? பட்டத்தோடு வந்தோம். அந்தக் கதவும் 1965-இல் குடியேற்றச் சட்டம் மாறிய பிறகு திறந்தது. கறுப்பின மக்கள் அடிவாங்கிப் பெற்ற சிவில் உரிமைச் சட்டத்துக்கு மறு வருடம். என் வீட்டுப் பத்திரக் கட்டில், 1938-ஆம் வருடத் தாள் ஒன்று இருக்கிறது. வெள்ளை இனத்தவர் அல்லாத யாருக்கும் இந்த மனையை விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது, வேலைக்காரர்கள் நீங்கலாக, என்று தட்டெழுத்தில் அடித்திருக்கிறார்கள். இந்த நகரின் லபாடி அவென்யூவில் வீடு வாங்கிய ஷெல்லி என்ற கறுப்பினக் குடும்பம் வழக்காடி, 1948-இல் உச்ச நீதிமன்றம் அத்தகைய ஷரத்துகளை எந்தக் கோர்ட்டும் அமல்படுத்தக் கூடாது என்று தீர்த்தது. நீங்கள் வந்து தங்கப்போகும் மாடி அறைக்கு வழிவிட்டவர்கள் அவர்கள்.

சித்திரையில் வரும்போது ஒரு விஷயம். கிரிக்கெட் தொப்பியைப் போட்டுக்கொண்டு கையைப் பின்னால் கட்டியபடி ஒவ்வொரு வீடாக நின்று பார்த்து நடப்பீர்களே, அந்தக் காலை நடையைத் தனியாக வேண்டாம். 2015-இல் அலபாமாவில், பேரனைப் பார்த்துக்கொள்ள வந்த ஒரு குஜராத்திப் பெரியவர் அப்படித்தான் நடந்தார். ஒல்லியான கறுப்பு ஆள் ஒருவன் சுற்றுகிறான் என்று யாரோ போன் செய்தார்கள். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. போலீஸ் தரையில் சாய்த்ததில் கை கால் விளங்காமல் போயிற்று. அந்த அதிகாரி மீது இரண்டு முறை விசாரணை நடந்தும் ஜூரிகள் ஒருமனதாகவில்லை, கடைசியில் நீதிபதி விடுவித்துவிட்டார். யாராவது போலீஸ் கூப்பிட்டால் நில்லுங்கள், கையைச் சட்டைப் பைக்குக் கொண்டுபோகாதீர்கள். அம்மையார் தன் பேரன் பன்னிரண்டு வயதைத் தொட்டதும் அவனுக்குக் கற்றுக்கொடுத்தது இது. எனக்கும் அவர்தான் கற்றுக்கொடுத்தார்.

கடைசியாக ஒன்று கேட்க வேண்டும். தாத்தா இளந்தாரியாக இருந்தபோது, சில சாதிகளில் பிறந்தவர்களையே குற்றப் பரம்பரை என்று முத்திரை குத்திய ரேகைச் சட்டம் இருந்ததையும், ராத்திரியானால் ஸ்டேஷனில் போய் ரேகை வைத்துவிட்டு அங்கேயே பாயை விரித்துப் படுத்ததையும் ஒருமுறை நீங்கள் சொன்னீர்கள், நான் ஆறாவது படிக்கும்போது. அதற்குப் பிறகு நீங்கள் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. வெளியூர் போக அவருக்குக் கொடுத்த ராதாரிச் சீட்டு ஒன்று டிரங்குப் பெட்டியில், உங்கள் பதக்கத்துக்கு அடியில் இருந்தது. இன்னும் இருந்தால் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். அம்மையாரிடம் சொன்னேன், பார்க்க வேண்டும் என்கிறார். காவலரும் கேட்டார்.

அம்மாவிடம் பருப்புப் பொடி அரைத்து வைக்கச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகன்