ரிச்சி தெரு தம்பிக்கும் மற்ற எல்லோருக்கும்

அண்ணன் எங்களை விட்டுப் போனது உங்களுக்கெல்லாம் தெரியும். அதைத் திரும்ப எழுத இன்னும் தெம்பு வரவில்லை.

ரத்தம் கொடுத்தவர்கள், ஆஸ்பத்திரி வராந்தாவில் மாறி மாறிக் காத்திருந்த அண்ணன் பாடிக்கொண்டிருந்த பேண்டின் நண்பர்கள், அம்மாவை வற்புறுத்திச் சாப்பிட வைத்த மாடிவீட்டு அக்கா, எல்லோருக்கும் நன்றி. நீங்கள் இல்லாமல் நாங்கள் எழுந்திருக்கவே மாட்டோம்.

ஆனால் பேர்கூடத் தெரியாத ஒருவருக்கு நன்றி சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

அண்ணனின் போன் டிஸ்ப்ளே நொறுங்கியிருந்தது. போட்டோக்களுக்காக ரிச்சி தெருவில் ஒரு சின்னக் கடைக்குக் கொண்டுபோனேன். மாற்றி முடித்த தம்பி, ஸ்பீக்கர் வேலை செய்கிறதா என்று பார்க்க அமெரிக்க ராக் குழுவான லிங்கின் பார்க்கின் ஃபோல்டரில் கடைசிப் பாட்டைப் போட்டார். ‘தி எம்ப்டினஸ் மெஷின்’. “ஆல்பமே வந்துடுச்சே அக்கா, கேக்கலையா?” என்றார். போன் யாருடையது என்று சொன்னேன். பேசாமல் தலையை ஆட்டிவிட்டு, இன்னும் கொஞ்சம் வேலை இருக்கு, உட்காருங்க என்றார்.

டிஸ்ப்ளேவுக்கு மட்டும்தான் காசு வாங்கினார். மின்சார ரயிலில் திறந்து பார்த்தால், அதே ஃபோல்டரில் அந்தக் குழுவின் புது ஆல்பம் ‘ஃப்ரம் ஜீரோ’ முழுசாக இருந்தது, பதினோரு பாட்டும். அது வெளிவரவிருந்த 2024 நவம்பர் 15-க்காக அண்ணன் எப்படிக் காத்திருந்தான் என்று அந்தத் தம்பிக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை.

அரை மணி நேர ஆல்பம்தான். தாம்பரம் வரை அழுதுகொண்டே கேட்டேன்.

லிங்கின் பார்க்கின் பாடகர் செஸ்டர் பெனிங்டன் 2017 ஜூலையில் இறந்தபோது, அந்தக் குழு இனி அவ்வளவுதான் என்று அண்ணன் சாப்பிடாமல் கிடந்தான். ஏழு வருஷம் கழித்து எமிலி ஆர்ம்ஸ்ட்ராங் புதுப் பாடகியாக வந்ததும் அவனே எங்களை உட்கார வைத்து விளக்கினான்: ‘எம்ப்டினஸ் மெஷி’னில் முதல் பல்லவி முடியும்வரை குழுவின் இன்னொரு பாடகர் மைக் ஷினோடாதான் பாடுகிறார், எமிலி அதற்கப்புறம்தான் உள்ளே வருகிறார். வந்ததும் செஸ்டர் மாதிரி பாடப் பார்க்கவில்லை, தன் தொண்டையில் தன் குரலில் கத்துகிறார். அது அவனுக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

பேண்ட் தம்பிகளே, வேறு ஒருவரைப் பாட வைக்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டீர்கள். அன்று நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், தாராளமாக வையுங்கள். அவன் மாதிரிதான் பாட வேண்டும் என்று அந்தப் பிள்ளையிடம் யாரும் சொல்லாதீர்கள். அண்ணனின் மைக் வீட்டில் இருக்கிறது. சனிக்கிழமை ரிகர்சலுக்கு நானே எடுத்து வருகிறேன், அம்மாவும் வருகிறார்.