‘கவனித்துப்பாருங்கள்’னு சொன்னதை விட்டுட்டோமே

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல கூந்தன்குளம் பறவை சரணாலயத்து நாரைக் கூட்டத்தோட கலர் போட்டோ போட்டிருந்தீங்க, அதை கத்தரிச்சு சண்டே ஸ்கூல் நோட்டுல ஒட்டிட்டு தான் இதை எழுதுறேன். எழுத காரணம் என்னன்னா பைபிள்ல மத்தேயு 6:26 வசனம். எங்க சர்ச்ல கவலைப்படாதீங்கன்னு பிரசங்கம் வந்தா இந்த வசனம் வராம இருக்காது, ஆனா எல்லாரும் நேரா ‘விதைக்கிறதுமில்லை, அறுக்கிறதுமில்லை’க்கு போயிடுவாங்க. அதுக்கு முன்னாடி ஆண்டவர் இயேசு ‘ஆகாயத்துப் பட்சிகளைக் கவனித்துப்பாருங்கள்’னு சொல்றாரே, அதை யாரும் செய்யுறதில்ல. நானும் இருபது வருஷமா பிள்ளைங்களுக்கு இதை மனப்பாடம் பண்ண வச்சிருக்கேன், ஒரு நாள் கூட ஒரு பறவைய காட்டுனதில்ல, வெக்கமா தான் இருக்கு.

இந்த வருஷம் பங்குனி வெயில்ல பதினாலு பிள்ளைங்கள வேன்ல ஏத்திகிட்டு மூலைக்கரைப்பட்டி வழியா கூந்தன்குளம் போனோம். குளத்துக்குள்ள கருவேல மரம் பூரா கூடு, ஊருக்குள்ள வீட்டு வாசல் மரத்துல கூட கூடு, எச்சம் ஓட்டு மேல விழுது, நாத்தம் வேற, ஒருத்தரும் விரட்டுறதில்ல. டீக்கடை அண்ணாச்சி, ‘பேறுகாலத்துக்கு வந்த பிள்ளைய போன்னு சொல்லுவோமா’ன்னு கேட்டாரு. அந்த குளத்து தண்ணி எச்சத்தோட வயலுக்கு பாயுறது நல்ல உரமாம், அதையும் மறக்காம சொன்னாரு.

மத்தியானம் ஒரு மணி இருக்கும், ஒரு மஞ்சமூக்கு நாரை கூட்டுல நின்னுகிட்டு ரெண்டு றெக்கையையும் அகலமா விரிச்சுகிட்டு அசையாம நிக்குது. காய வைக்குதுன்னு நினைச்சேன். ஒரு பொடியன் தான் ‘டீச்சர், கீழ குஞ்சு இருக்கு, குடை பிடிக்குது’ன்னான். பாத்தா நிஜமாவே வெயில் சாயுற பக்கமா அதுவும் திரும்பி நிக்குது, நிழல் சரியா குஞ்சு மேல விழுது, தன் முதுகு வெந்தாலும் நகரல. எங்க தெருவுல பாதி வீட்டுல பைபிள் சங்கீதம் 91 வசன ஸ்டிக்கர் உண்டு, ‘அவர் செட்டைகளின் கீழே அடைக்கலம் புகுவாய்’னு, செட்டைன்னா றெக்கை தான். அது ஏதோ அலங்காரத்துக்கு சொன்ன வார்த்தைன்னு இத்தனை நாளா நினைச்சிருந்தேன், இதை எழுதுனவர் எந்த வெயில்ல எந்த கூட்டை பாத்துகிட்டு நின்னாரோ.

சங்கீதம் 104ல ‘தேவதாரு விருட்சங்கள் கொக்கின் குடியிருப்பு’ன்னு வருது. இதே கொக்கு பைபிளோட சட்டப் புத்தகமான லேவியராகமத்துல சாப்பிடக்கூடாத பட்டியல்ல இருக்கு! தீட்டுன்னு ஒதுக்குன பறவைக்கும் வீடு கொடுத்திருக்கார்னு அன்னைக்கு தான் உறைச்சுது. அங்க தேவதாரு, நமக்கு கருவேலமரம்.

வரித்தலை வாத்து சீசன் முடிஞ்சு கிளம்பியிருந்துச்சு, பாக்க முடியல. திபெத், மங்கோலியா பக்கத்துல இருந்து இமயமலைய தாண்டி வர்ற பறவை அது, 7,000 மீட்டருக்கு மேலயும் பறக்குறதை டிராக்கர் மாட்டி பாத்திருக்காங்க. பைபிள்ல யோபுங்கிற பக்தர் உடம்பெல்லாம் புண்ணாகி கஷ்டத்துல கேள்வி மேல கேள்வி கேட்டப்ப கடவுள் நாலு அதிகாரத்துக்கு பதில் பேசுறாரு, அதுல யோபுவோட புண்ணை பத்தி ஒரு வார்த்தை கிடையாது, ராஜாளி தெற்கே பறக்குறது உன் புத்தியாலயான்னு கேக்குறாரு, மனுஷ நடமாட்டமே இல்லாத இடத்துல மழை பெய்ய வைக்கிறது யாருன்னு கேக்குறாரு. சின்ன வயசுல இது என்ன பதில்னு எரிச்சலா இருக்கும். இந்த வாத்து கதைய கேட்டப்புறம் யோபு ஏன் பேச்சடங்கி கைய வாயில வச்சுகிட்டாருன்னு கொஞ்சம் புரியுது.

ஒண்ணே ஒண்ணு கேக்கணும். குளத்துகரை ஊர்கள்ல கன்வென்ஷன் கூட்டம் (ஜெபக் கூட்டம்) போடுற நம்ம சபைக்காரங்க, கூடு கட்டுற மாசத்துல அந்த கூம்பு ஸ்பீக்கரை மட்டும் குளத்து பக்கம் திருப்பாதீங்க, கோயில் கொடைக்காரங்களுக்கும் இது தான். ஜனவரில தாமிரபரணி பாசன குளங்கள்ல பறவை கணக்கெடுக்குறப்போ தேதிய முன்கூட்டியே உங்க பேப்பர்ல பெருசா போடுங்க ஐயா. எங்க சர்ச் போதகர் ஐயர்கிட்ட இப்பவே பர்மிஷன் கேட்டாச்சு, பதினாலு பிள்ளைங்களுக்கு ஒரே ஒரு பைனாகுலர் தான் இருக்கு, அதுவும் இரவல்.

இப்படிக்கு,
ஒரு சண்டே ஸ்கூல் டீச்சர்,
பாளையங்கோட்டை.