பத்துப் பேர் போதும் என்றிருந்த ஊர்

ஆசிரியருக்கு,

அமெரிக்க ஜூரி முறை (பொதுமக்களில் சிலர் அமர்ந்து வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் முறை) பற்றிய தங்கள் கட்டுரையில், ஜூரியினர் அனைவரும் ஒருமனதாக முடிவெடுத்தால்தான் ஒருவரைக் குற்றவாளி எனத் தீர்மானிக்க முடியும் என்று எழுதப்பட்டிருந்தது. இன்றைக்கு அது சரி. ஆனால் லூசியானா, ஒரேகான் மாநிலங்களில் வெகுகாலம் பன்னிரண்டு பேரில் பத்துப் பேர் தலையசைத்தாலே போதும். மற்ற இருவர் என்ன சொன்னாலும் எடுபடாது.

லூசியானா இதற்கு வித்திட்டது 1898 அரசியல் சாசன மாநாட்டில். அப்போது ஒன்பது பேரே போதும் என்றார்கள். ஜூரியில் ஒன்றிரண்டு கறுப்பினத்தவர் அமர்ந்தாலும் அவர்கள் வாக்கைச் செல்லாக்காசாக்கும் ஏற்பாடு அது. சட்டத்தின் வாசகத்தில் நிறம் பற்றி ஒரு சொல்கூடக் கிடையாது, கெட்டிக்காரத்தனம் அங்கேதான்.

2020-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இம்முறை செல்லாது என்றது. சரி, பழைய முறையில் தண்டனை பெற்று, மேல்முறையீடும் முடிந்து சிறையில் இருப்பவர்கள்? அவர்களுக்கு இத்தீர்ப்பைப் பொருத்த முடியாது என்று மறு ஆண்டே அதே நீதிமன்றம் கைவிரித்தது; மாநிலங்கள் விரும்பினால் பொருத்திக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டது. 2022-இல் ஒரேகான் உச்ச நீதிமன்றம் தன் மாநிலக் கைதிகளுக்குக் கதவைத் திறந்தது. லூசியானா உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது.

இன்னொன்று: அமெரிக்காவில் பெரும்பாலான குற்ற வழக்குகள் ஜூரியின் முன் வருவதே இல்லை. தண்டனைக் குறைப்புக்காகக் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் பேரத்திலேயே முடிந்துவிடுகின்றன. அதைப் பற்றியும் தாங்கள் ஒரு கட்டுரை வெளியிட வேண்டும்.

— ஒரு வாசகர், தஞ்சாவூர்