பேரன் இன்னும் தவழவில்லையே என்று கேட்ட நண்பனுக்கு

அன்பு நண்பா,

ஒன்பது மாதம் ஆகியும் பேரன் தவழவில்லை என்று நீ வருந்தி எழுதிய கடிதம் கிடைத்தது. அவன் ஆறு வாரம் முந்திப் பிறந்தவன் என்பதை வீட்டில் எல்லோரும் மறந்துவிட்டீர்கள் போலும். குறைமாதக் குழந்தைகளுக்கு இரண்டு வயது வரை அந்த வாரங்களைக் கழித்துவிட்டே வளர்ச்சியைப் பார்க்க வேண்டும் என்பதால், அவனுக்கு இப்போது ஏழரை மாதம் என்றே கொள்ள வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2006ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், கையும் முழங்காலும் ஊன்றித் தவழத் தொடங்கும் காலம் 5.2 மாதத்திலிருந்து 13.5 மாதம் வரை நீண்டிருந்தது; நூற்றில் நான்கு குழந்தைகள் அப்படித் தவழாமலேயே எழுந்து நடந்துவிட்டன. எதிர்வீட்டுக் குழந்தை பதினொன்றாம் மாதத்தில் நடந்த கதையை யாராவது சொன்னால் கேட்டுக்கொள், அதை அளவுகோலாக்காதே.

வாக்கர் வாங்கும் எண்ணத்தைக் கைவிடு. அது நடையை விரைவுபடுத்துவதில்லை; படியில் உருண்டு தலையில் அடிபடும் ஆபத்து இருப்பதால் கனடா 2004இல் அதைத் தடையே செய்துவிட்டது. விழித்திருக்கும் வேளையில் தரையில் குப்புறப் படுக்கவிட்டு, எட்டும் தொலைவுக்குச் சற்று அப்பால் ஒரு பொம்மையை வைத்தால் போதும்.

இங்கே என் பேத்திக்குப் பத்தாம் மாதம் நடக்கிறது. சில மாதங்களுக்கு முன்வரை எதையும் உள்ளங்கையால் வாரி இழுத்தவள், இப்போது பாயில் கிடக்கும் நூலிழையைக் கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் கிள்ளி எடுத்து, கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு வாயில் போடப் போகிறாள். நடையைவிட இந்த விரல்களின் நுட்பமே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. யார் அழைத்தாலும் போனவள் வேற்றுமுகம் பார்த்து அழுவதை உறவினர்கள் குறையாகச் சொல்கிறார்கள். தெரிந்த முகத்தையும் தெரியாத முகத்தையும் பிரித்தறியும் அறிவு வந்துவிட்டது என்று நான் மகிழ்கிறேன்.

காத்திருக்கக் கூடாதவையும் உண்டு. ஒலிக்குத் திரும்பாமை, உடல் துவண்டோ விறைத்தோ இருத்தல், ஒரே கையை மட்டும் பயன்படுத்துதல், எல்லாவற்றையும்விட முன்பு செய்ததைச் செய்யாமல் விட்டுவிடுதல் ஆகியவற்றில் எதைக் கண்டாலும் குழந்தை மருத்துவரிடம் உடனே காட்டிவிட வேண்டும். கால்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய நீ, பேர் சொல்லி அழைத்தால் அவன் திரும்புகிறானா, ‘பாபா’, ‘மாமா’ என்று ஓசைகளைத் தொடுக்கிறானா என்பதை எழுதவேயில்லை. மறுகடிதத்தில் முதலில் அதை எழுது.

அன்புடன்,
உன் நண்பன்