மஸிர்பே வலைக்கொட்டகை: பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். லாட்வியக் கடற்கரையில் இருக்கும் நம் மஸிர்பே ஊரின் வலைக்கொட்டகையின் பழுதுபார்ப்பு வேலை முடிந்துவிட்டது. வரவு செலவுக் கணக்கு தனித்தாளில் இருக்கிறது. செய்தது என்ன, செய்யாமல் விட்டது என்ன என்பதை மட்டும் இங்கே சொல்கிறோம்.

மண்ணைத் தொட்டுக்கொண்டிருந்த அடிக்கட்டைகள் இற்றுப்போய், கத்தி முனை பட்டதும் உதிர்ந்தன. ஜாக்கி வைத்துக் கொட்டகையைத் தூக்கி, கீழே கல் அடுக்கி, புது பைன் கட்டைகளை வைத்தோம். மேல்வரிசைக் கட்டைகள் நல்ல உறுதியாக இருந்ததால் கை வைக்கவில்லை. கூரைக்குப் புது நாணல் வேய்ந்தாயிற்று. கதவுக்குப் பச்சை, வெள்ளை, நீலம் அடிக்கலாம் என்று சிலர் கேட்டார்கள். 1923 நவம்பரில் இதே ஊரில் ஏற்றிய லிவோனியக் கொடியின், அதாவது இந்தக் கரையின் பூர்வகுடிகளான லிவோனியரின் கொடியின், நிறங்கள் அவை; படகிலிருந்து கரையைப் பார்த்தால் தெரிகிற காடு, மணல், கடல். ஆசை நியாயமானதுதான். ஆனால் வலை போட்டுவைக்கிற இடத்துக்கு வர்ணம் எதற்கு? தார்தான் பூசினோம்.

உள்ளே மாட்டிய வரலாற்றுப் பலகைக்குத்தான் அதிக நேரம் பிடித்தது. 1915இல் முதல் உலகப் போரால் ஊர் காலியானது, 1923 ஏப்ரலில் லிவோனியர் சங்கம் தொடங்கியது, 1939 ஆகஸ்டில் பின்லாந்து, எஸ்தோனியா, ஹங்கேரி உதவியோடு லிவோனியர் கூடும் மக்கள் இல்லம் திறந்தது, இவற்றில் சண்டையில்லை. அதன் பிறகுதான் வாக்குவாதம். 'காலப்போக்கில் மக்கள் வெளியூர் போனார்கள்' என்று எழுதினால் போதும் என்றார்கள் சிலர். யாரும் சும்மா போகவில்லை. சோவியத் ஆட்சியில் நம் கரை எல்லைப் பகுதியானது. யாராவது கடல் வழியே வந்தாலோ போனாலோ காலடித் தடம் தெரியட்டும் என்று மணலைக் கிளறிச் சமப்படுத்தினார்கள். கடலில் இறங்க அனுமதி வேண்டும். மீன்பிடி பெரிய ஊர்களுக்குப் போய்விட்டது. கடல் எதிரே இருந்தும் தொழில் இல்லையென்றால் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பது? அப்படியே எழுதி மாட்டிவிட்டோம்.

மணல்மேட்டுக்குப் பின்னால் பைன் காட்டில் கிடக்கும் பழைய படகுகளையும் சரிசெய்யச் சொல்லி வந்த கோரிக்கையைக் குழு ஏற்கவில்லை. வங்குகளில், அதாவது படகின் விலா மரங்களில், பாசி ஏறிவிட்டது. பலகைகள் ஆணியை விட்டுக் கழன்றுவிட்டன. மாற்ற ஆரம்பித்தால் பழைய மரம் என்று எதுவும் மிஞ்சாது, அப்புறம் அது வேறு படகு. கிடக்கிறபடியே கிடக்கட்டும், அவற்றின்மேல் ஏறிப் படம் எடுக்காமல் இருந்தால் சரி.

ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை லிவோனியர் விழாவுக்கு வருகிறவர்கள் கொட்டகையைத் திறந்து பார்க்கலாம். சாவி குழுவிடம் இருக்கும். தாரும் நாணலும் இருப்பதால் பக்கத்தில் யாரும் புகைபிடிக்க வேண்டாம். மிஞ்சிய நாணல் கட்டுகள் பின்சுவர் ஓரம் அடுக்கியிருக்கின்றன. கூரைக்குத் தேவைப்படுவோர் சொல்லிவிட்டு எடுத்துக்கொள்ளலாம்.