வீட்டு வேலையில் பிள்ளைகளுக்கும் ஒரு பங்கு கொடுங்கள்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம்.

சென்ற வாரம் 9-ஆம் வகுப்பு மாணவன் ஒருவன் சட்டையைக் கையால் சேர்த்துப் பிடித்தபடி என் அறைக்கு வந்தான். பொத்தான் அறுந்துவிட்டது. ஊசியும் நூலும் எடுத்துக் கொடுத்தேன். நூல் கோக்கவே அவனுக்கு ஐந்து நிமிடம் ஆனது. கணக்கில் வகுப்பிலேயே முதலாவதாக வருகிற பிள்ளை. "இதை யாரும் எனக்குச் சொல்லித் தரல" என்றான். அந்த 'யாரும்' என்பதில் நானும் இருக்கிறேனே என்று சுருக்கென்றது.

சரி என்று பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தேன். பொத்தானைத் துணியோடு ஒட்ட இறுக்கித் தைத்தால் காஜாவில் மாட்ட வராது. பொத்தான் மேல் ஒரு தீக்குச்சியை வைத்து, அதையும் சேர்த்துத் தைக்க வேண்டும். பிறகு குச்சியை உருவினால் நூல் கொஞ்சம் தளரும். பொத்தானைத் தூக்கிப் பிடித்து, அடியில் நூலை நாலு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டால் உறுதியாக நிற்கும். முதல் தடவை கோணலாக வந்தது. அவனே பிரித்துவிட்டு மறுபடி தைத்தான். போகும்போது அவன் முகத்தில் இருந்த பெருமையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அடுத்த மாதம் முதல் 8-ஆம் வகுப்புக்கு மேல் எல்லோருக்கும் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் வீட்டு வேலைகளைக் கற்றுத்தரப் போகிறோம். ஆண் பிள்ளை, பெண் பிள்ளை என்ற பிரிவு கிடையாது. தைப்பது, துவைப்பது, எளிய சமையல், வரவு செலவு எழுதுவது எல்லாம் உண்டு. மாதம் 2 சதவீத வட்டிக்கு வாங்கிய கடனைக் கட்டாமல் விட்டால், வட்டிக்கு வட்டி சேர்ந்து மூன்றே வருடத்தில் இரட்டிப்பாகிவிடும். கூட்டு வட்டிக் கணக்கைத் தேர்வில் சரியாகப் போடுகிற பிள்ளைக்கு இதுவும் அதே கணக்குதான் என்று தெரிய வேண்டாமா?

எனக்கு அதிகக் கவலை பாதுகாப்பைப் பற்றித்தான். வாணலியில் எண்ணெய் தீப்பிடித்தால் பதற்றத்தில் தண்ணீரைத்தான் ஊற்றத் தோன்றும். ஊற்றினால் தண்ணீர் அந்தச் சூட்டில் சட்டென்று ஆவியாகி, எரியும் எண்ணெயை நாலாபுறமும் வாரி இறைக்கும். அடுப்பை அணைத்து, வாணலியை மூடியால் மூட வேண்டும். சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். வாடை வந்தால் எந்த சுவிட்சையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. சிலிண்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். சூடு பட்டால் பற்பசையோ ஐஸ் கட்டியோ வேண்டாம். குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். ப்ளீச்சையும் கழிவறை கழுவும் அமிலத்தையும் கலந்தால் குளோரின் வாயு வரும், அது நுரையீரலைப் பாதிக்கும். தனியாக வீட்டில் இருக்கும் ஒரு நாளில் நம் பிள்ளைக்கு இதெல்லாம் கைகொடுக்கும்.

படிக்கிற நேரம் போய்விடுமே என்று சிலர் கேட்பீர்கள். அந்தக் கவலை எனக்கும் புரிகிறது. ஆனால் வாரத்துக்கு ஒரு பாடவேளையால் மதிப்பெண் குறையாது. விடுதிக்குப் போன முதல் மாதமே துவைக்கவும் தெரியாமல், கையில் இருக்கும் பணத்தைக் கணக்காகச் செலவழிக்கவும் தெரியாமல் தவித்த பழைய மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பள்ளியில் நாங்கள் காட்டித்தர முடியும். கை பழகுவது வீட்டில்தான். அதனால் ஒரே ஒரு வேலையை முழுசாகப் பிள்ளையிடம் விட்டுவிடுங்கள். உதாரணமாக, தன் துணியைத் துவைப்பது. ஊறவைப்பதிலிருந்து மடித்து அலமாரியில் வைப்பது வரை அவர்கள் பொறுப்பு. முதல் சில வாரம் சோப்பு சரியாகப் போகாது, வெள்ளைச் சட்டையில் சாயம் ஏறும். அப்போது "கொடு, நானே செஞ்சிடுறேன்" என்று வாங்கிவிடாதீர்கள். நாம் அப்படி வாங்கிக்கொள்கிற ஒவ்வொரு முறையும் 'உன்னால் முடியாது' என்றுதான் பிள்ளையின் காதில் விழுகிறது. திட்டவும் வேண்டாம். எங்கே தப்பானது என்று மட்டும் கேளுங்கள், அவர்களே சொல்வார்கள்.

முதல் வகுப்பு பொத்தான் தைப்பதுதான். பொத்தான் அறுந்த பழைய சட்டை ஒன்றைப் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள். ஊசி, நூல், தீக்குச்சி பள்ளியிலேயே இருக்கும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்