எங்கள் மெட்டல் இசை வட்டத்தின் ஆண்டறிக்கை, 2025

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதம் ஒருமுறை கூடுவது, ஹெவி மெட்டல் என்கிற கனத்த ராக் இசையின் வரலாற்றில் ஏதாவது ஒரு நாளைப் பற்றி ஒருவர் பேசுவது, அப்புறம் அது தொடர்பான ஆல்பத்தை நடுவில் நிறுத்தாமல் முழுதாகக் கேட்பது என்று சென்ற பொதுக்குழுவில் முடிவு செய்தோம். 12 கூட்டங்களில் 11 நடந்தன. ஆம்ப்ளிஃபயர் பழுதானதால் ஏப்ரல் கூட்டம் மட்டும் விட்டுப்போனது. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

பிப்ரவரி கூட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் பர்மிங்காமில் தோன்றிய பிளாக் சப்பாத் குழுவின் முதல் ஆல்பம் வெளிவந்தது 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை. அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு, 1965இல், அதே ஊரில் ஒரு தகரப் பட்டறையில், பின்னாளில் அந்தக் குழுவின் கிட்டார்காரரான 17 வயது டோனி அயோமிக்கு அன்று கடைசி நாள் வேலை. மதியம் வீட்டுக்கு வந்தவர் திரும்பப் போக வேண்டாம் என்று நினைத்திருக்கிறார். போய் வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு வா என்று அம்மா அனுப்பிவைத்தார். பழக்கமில்லாத இயந்திரத்தில் நிற்க வைத்தார்கள். வலது கையின் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியும் போயின. அவர் இடது கைப் பழக்கக்காரர். தந்தியை அழுத்துகிற கையே அந்த வலது கைதான்.

இனி கிட்டார் வாசிக்க முடியாது என்றார்கள். பட்டறை மேலாளர் ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜாங்கோ ராய்ன்ஹார்ட்டின் இசைத்தட்டு ஒன்றைக் கொண்டுவந்து கேட்கச் சொன்னார். தீ விபத்தில் இரண்டு விரல்கள் செயலிழந்த பிறகும் வாசித்தவர் ராய்ன்ஹார்ட். அயோமி ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல் நுனிக்குக் குப்பி செய்து, பழைய ஜாக்கெட்டிலிருந்து தோலை வெட்டி அதன் மேல் ஒட்டிக்கொண்டார். தடித்த தந்தி வலித்ததால் மெல்லிய பான்ஜோ தந்தி கட்டிப் பார்த்தார். 1971இல் வந்த மூன்றாவது ஆல்பத்தில் சில பாடல்களுக்கு ஸ்ருதியையே மூன்று அரைச்சுரம் இறக்கினார். தந்தி தளர்ந்தது, விரலுக்கு இதமானது, ஒலி கனத்தது.

இதைப் பேசிய இளைய உறுப்பினர் தானும் அப்படி இரண்டு குப்பிகள் செய்து மாட்டிக்கொண்டு வந்திருந்தார். முதல் சில நிமிடங்கள் தந்தி வழுக்கிக்கொண்டே இருந்தது. விரலுக்குத் தந்தி எங்கே இருக்கிறது என்றே தெரியாததால் அளவுக்கு மீறி அழுத்தினார், சுரம் ஏறிப்போனது. பிறகு ஸ்ருதியை இறக்கிவிட்டு, குழுவின் முதல் ஆல்பத்தின் முதல் பாட்டிலுள்ள மூன்று சுரங்களை மெதுவாக வாசித்தார்: ஷட்ஜம், மேல் ஷட்ஜம், அங்கிருந்து இறங்கிப் பிரதி மத்தியமம். கடைசிச் சுரத்தில் விரலை ஆட்டியபோது அறையில் இருந்த மேசை அதிர்ந்தது. பின்வரிசையில் இருந்த மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து வந்து அந்தக் குப்பிகளை வாங்கித் தன் விரலில் போட்டுப் பார்த்தார். இந்த ஆண்டில் எனக்கு மிகவும் பிடித்த நிமிடம் அதுதான்.

மார்ச், மே, ஜூன் கூட்டங்கள் நல்லபடியாக நடந்தன. 1985இல் ராக் பாடல் வரிகள் பற்றிய அமெரிக்க செனட் விசாரணையில் ட்விஸ்டட் சிஸ்டர் குழுவின் பாடகர் டீ ஸ்னைடர் தன் பாடல் வரிகளுக்காக வாதாடியதும், 1991 செப்டம்பரில் மாஸ்கோவின் துஷினோ விமானத் திடலில் மெட்டாலிகா, பான்டெரா குழுக்கள் வாசித்ததும் பேசப்பட்டன.

ஜூலை 5 அன்று பர்மிங்காமின் வில்லா பார்க் கால்பந்து அரங்கில் பிளாக் சப்பாத்தின் பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் கடைசியாகப் பாடினார். பார்க்கின்சன் நோயால் நிற்க முடியாமல் சிம்மாசனத்தில் உட்கார்ந்தபடியே பாடினார். அயோமி, பேஸ் கிட்டார்காரர் கீஸர் பட்லர், டிரம்ஸ்காரர் பில் வார்ட் மூவரும் உடன் இருந்தார்கள். பழைய நால்வரும் ஒரே மேடையில் சேர்ந்தது 20 ஆண்டுகளுக்குப் பிறகு. 77 வயது அயோமியின் விரல்களில் அன்றும் குப்பிகள் இருந்தன. ஜூலை 22 அன்று ஆஸி காலமானார். அந்த வாரம் அவசரக் கூட்டம் கூட்டினோம். இரங்கல் தீர்மானம் எழுதி வைத்திருந்தேன், வாசிக்கவில்லை. யாரோ விளக்கை அணைத்தார்கள். முதல் ஆல்பத்தைப் போட்டோம். மழையும் மணியோசையும் கேட்டதுமே சிலர் அழுதுவிட்டார்கள்.

செப்டம்பரில் இங்கிலாந்தின் டெஃப் லெப்பர்ட் ராக் குழுவின் ரிக் ஆலன் பற்றிப் பேச்சு. அது மெட்டலே இல்லை என்று இரண்டு உறுப்பினர்கள் ஆட்சேபித்ததைக் குறிப்பேட்டில் பதிந்திருக்கிறேன். சரி, இசையைப் பற்றிய அந்த வாதம் நடக்கட்டும். ஆனால் 1984 டிசம்பர் 31 அன்று கார் விபத்தில் இடது கையை இழந்த டிரம்ஸ்காரர், அந்தக் கை செய்த வேலையைக் கால் பெடல்களுக்கும் மின்னணு டிரம்ஸுக்கும் மாற்றிக்கொண்டு, 1986 ஆகஸ்டில் இங்கிலாந்தின் டானிங்டன் இசைவிழா மேடையில் உட்கார்ந்ததை நம் வரலாற்றிலிருந்து விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. அயோமியின் கதைக்குப் பக்கத்தில்தான் இதையும் வைக்கிறேன்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். நாம் கேட்டவற்றில் பெரும்பாலானவை இங்கிலாந்து, அமெரிக்க ஆல்பங்களே. நிரலைத் தயாரித்தவன் நான், பொறுப்பும் என்னுடையது. பிரேசிலின் செபுல்துரா குழு அந்நாட்டு ஷவாந்தே பழங்குடியினரோடு சேர்ந்து பதிவுசெய்து 1996இல் வெளியிட்ட ஆல்பம், 1978இல் லண்டனில் தொடங்கிய பெண்கள் குழுவான கேர்ள்ஸ்கூல், போட்ஸ்வானாவின் மெட்டல் ரசிகர்கள், இவை மூன்றும் வரும் ஆண்டு நிரலில் முதலில் வர வேண்டும் என்று முன்மொழிகிறேன்.

ஆம்ப்ளிஃபயரைச் சம்பளம் வாங்காமல் சரிசெய்து கொடுத்த உறுப்பினருக்கு நன்றி. ஆல்பம் ஓடும்போது கைப்பேசியில் படம் பிடிப்பதைத் தவிர்க்கும்படி மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன். அந்த விரல் குப்பிகள் நம் நூலக அலமாரியில் இருக்கின்றன. கிட்டார் வாசிப்பவர்கள் கையெழுத்திட்டு எடுத்துச் செல்லலாம்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளும்படி அவையை வேண்டுகிறேன்.

செயலாளர்